அக்கானியும் கள்ளும்: நெய்யூர் வட்டாரத்தில் இனிப்பும் புளிப்பும்

அக்கானி என்பது குமரி மாவட்டத்தில் பதநீருக்கு வழங்கும் பெயர். பனையின் பாளையைச் சீவும்போது ஊறும் சாறு, சுண்ணாம்பு பூசிய கலயத்தில் விழுந்தால் அக்கானி. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் விழுந்தால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுபவரும் ஒருவரே. கலயத்தின் உட்சுவரில் பூசப்படும் ஒரு விரற்கடை சுண்ணாம்புதான் இரண்டையும் பிரிக்கிறது. கல்குளம் வட்டத்தில், இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகே உள்ள நெய்யூரைச் சுற்றிய பனைவிளைகளில் இந்தச் சுண்ணாம்பு ஒரு தொழிலின் கணக்காகவும், ஒரு சாதியின் பெயரைப் பற்றிய வழக்காகவும், அரசின் வரிவிதியாகவும், மதுவிலக்குச் சட்டத்தின் எல்லைக்கோடாகவும் இருந்திருக்கிறது.

சாற்றில் நிகழ்வது

பனையின் புதிய சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு சர்க்கரை உண்டு. அது பெரும்பாலும் கரும்பில் இருக்கும் அதே சுக்ரோஸ். பாளையிலிருந்து வெளிவந்த கணம் முதலே காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் வேலை செய்யத் தொடங்குகின்றன. முதலில் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. பின்னர் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. கூடவே லாக்டிக் அமிலமும், நேரம் செல்லச்செல்ல அசிட்டிக் அமிலமும் சேர்கின்றன. விடியற்காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுக்கும், மறுநாள் காடியாகும். பனங்கள்ளில் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கும்.

சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக ஆக்குகிறது. ஈஸ்ட் அதில் பெருகுவதில்லை, சுக்ரோஸை உடைக்கும் நொதியும் செயல்படுவதில்லை. பனையேறி ஒவ்வொரு முறை ஏறும்போதும் கலயத்தைக் கழுவி, புதிதாகச் சுண்ணாம்பு தடவி மாட்டுவது இதற்காகவே. கள் இறக்குபவருக்கு நேர்மாறான வழக்கம் உதவும். பழைய கலயத்தின் அடியில் தங்கிய மண்டியே அடுத்த கள்ளுக்கு உறை. சுருக்கமாகச் சொன்னால் இரு தொழில்களுக்கும் நடுவே உள்ளது கலயம் கழுவும் முறையின் வேறுபாடு.

ஐரோப்பிய வெள்ளை ஒயின்களுடன் ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெளிவாகும். ஜெர்மனியின் ரீஸ்லிங் திராட்சையில் இருந்து மிக இனிப்பான ஒயினும் செய்யப்படுகிறது, இனிப்பே இல்லாத ஒயினும் செய்யப்படுகிறது. நொதித்தலை இறுதிவரை விட்டால் சர்க்கரை தீர்ந்து இனிப்பற்ற ஒயின் கிடைக்கும். குளிர்வித்தோ, கந்தகம் சேர்த்தோ, நுண்வடிகட்டியால் ஈஸ்ட்டை நீக்கியோ பாதியில் நிறுத்தினால் இனிப்பு எஞ்சும். லிட்டருக்கு 9 கிராமுக்கு மிகாமல் சர்க்கரை உள்ளதை அங்கே ‘ட்ரோக்கன்’, அதாவது ‘உலர்ந்தது’, என்று குறிக்கலாம். அங்கே இனிப்பு என்பது ஈஸ்ட் மிச்சம் வைத்தது. பனைவிளையில் இனிப்பு என்பது ஈஸ்ட் தொடவே தொடாதது. இடைநிலை என ஒன்று இங்கே தொழிலாக வளரவில்லை. அரைகுறையாகப் புளித்த சாறு குடிக்கவும் உதவாது, காய்ச்சவும் உதவாது.

தமிழில் இனிப்பற்ற மதுவை ‘உலர்ந்தது’ என்று சொல்லும் வழக்கமும் இல்லை. கள் புளிக்கும், பின்னர் கடுக்கும். இனிப்புக்கு எதிர்ச்சொல்லாக இங்கே நிற்பது புளிப்பு. வெப்பநாட்டுப் பனஞ்சாற்றில் சர்க்கரை குறைவதும் அமிலம் கூடுவதும் ஒன்றாகவே நிகழ்வதால் இச்சொல்லாட்சி சாற்றின் இயல்பை ஒட்டியே அமைந்திருக்கிறது.

பழந்தமிழரின் சுவை

சங்கப்பாடல்களில் கள், நறவு, தேறல், பிழி, தோப்பி எனப் பல பெயர்கள் வருகின்றன. அவற்றில் புகழப்படுவது பெரும்பாலும் முதிர்ந்த மது. மூங்கில் குழாயில் இட்டு நாள்பட வைத்த தேறலும், தேள்கொட்டுப் போலக் கடுக்கும் தேறலும் சிறப்பிக்கப்படுகின்றன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆவது பாடலில் குறிப்பிடுகிறார். அது மத்தியதரைக் கடல்பகுதியின் திராட்சை மதுவாக இருக்கவேண்டும். திருக்குறளின் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரம் இந்தப் பின்னணியில்தான் எதிர்க்குரலாக ஒலிக்கிறது. புளிக்காத சாற்றுக்குத் தனி மதிப்பும் தனி அறமும் கற்பிக்கப்படுவது மிகப் பிற்பாடு, கருப்பட்டி ஒரு சந்தைப்பொருளாக ஆனதை ஒட்டி நிகழ்ந்தது என ஊகிக்கலாம்.

தளைக்கும் ஏணிக்கும் வரி

பொ.யு. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, வேணாட்டு அரசர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்திலிருந்த கிறிஸ்தவப் பள்ளிக்கு அளித்த கொடையைப் பதிவுசெய்கிறது. பள்ளிக்கு அளிக்கப்பட்ட ஈழவர் குடிகளுக்கு விலக்கப்பட்ட வரிகளில் தளைக்காணம், ஏணிக்காணம் என இரண்டு உள்ளன. தளை என்பது மரமேறுபவர் காலில் மாட்டும் நார்வளையம். நெய்யூரை அடுத்த இரணியலும் பின்னாளில் வேணாட்டு அரசர்களின் இருப்பிடங்களில் ஒன்றாக இருந்தது. ஆகவே இந்த நிலப்பகுதியின் பனை வரலாற்றுக்கும் இச்செப்பேடு ஒரு தொடக்கச் சான்று.

இவ்வரிகளின் பெயர்கள் கவனத்திற்குரியவை. அரசு மரமேறும் கருவியின் மீது வரி போட்டது. கலயத்தில் விழுந்தது இனித்ததா புளித்ததா என்பதைப் பற்றிய கேள்வி வரியின் பெயரில் இல்லை. சோழர்காலப் பிரம்மதேயக் கொடைகளில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறும். அங்கும் தடுக்கப்படுவது ஏறுதல்தான். திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டிலும் ஈழவர், நாடார் உள்ளிட்ட சாதியினரிடம் தலைவரி வாங்கியது. ஏறும் மனிதர் மீது வரி என்ற பழைய தர்க்கமே அதிலும் தொடர்ந்தது.

கருப்பட்டியின் கணக்கு

பனைத்தொழில் கோடையை மையமாகக் கொண்டது. ஆண்பனையான அலகுப்பனையிலும் பெண்பனையான பருவப்பனையிலும் பாளைகளைக் கட்டி, கடிப்பால் நசுக்கி, நுனியை மெல்லச் சீவிக் கலயம் மாட்டுவார்கள். முறுக்குத்தடியை மரத்தில் சாய்த்து, தளைநார் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் உள்ள பெட்டியுடன் ஒருவர் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது பனை ஏறுவார். ஒவ்வொன்றிலும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. சீவாமல் விட்ட பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே பருவத்தில் பனையேறிக்கு ஓய்வுநாள் கிடையாது.

இறக்கிய அக்கானியைக் காய்ச்சுவது பெண்களின் வேலை. பனைமட்டையும் ஓலையும் விறகு. பொங்கி வழியும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து சிறிது போடுவார்கள், நுரை அடங்கும். சாறு குறுகிப் பாகாகும் நிலையில் கூப்பனி. மேலும் காய்ச்சி, கிண்டி, சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. ஏறத்தாழ 10 லிட்டர் அக்கானிக்கு ஒரு கிலோவோ சற்று மேலோ கிடைக்கும்.

இங்கேதான் சுண்ணாம்பின் முழுப்பொருள் வெளிப்படுகிறது. புளித்த சாற்றில் சுக்ரோஸ் உடைந்துவிட்டிருக்கும். உடைந்த சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் படிகமாகாது. பாகு இளகியே நிற்கும், சிரட்டையிலிருந்து கட்டியாகக் கழன்று வராது. ஆல்கஹாலாக மாறிய சர்க்கரையோ அடுப்பில் ஆவியாகிப் போய்விடும். அதாவது சுண்ணாம்பு குறைந்தால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உழைப்பும் விறகும் வீண். சுண்ணாம்பு அதிகமானால் கருப்பட்டி கறுத்துக் காரும், சந்தையில் விலை இறங்கும். எத்தனை சுண்ணாம்பு என்பதைக் கைதான் அறியும். வெயில், மழைமூட்டம், பாளையின் வயது ஆகியவற்றுக்கு ஏற்ப அது மாறும்.

ஆகவே கருப்பட்டிக் குடும்பத்திற்குப் புளிப்பின்மீது இருந்த பகை எந்தப் போதனையிலும் தொடங்கவில்லை. கள் குடித்தல் சரியா தவறா என்ற கேள்விக்கு முன்னரே, கள்ளாகிப்போன சாறு அந்த வீட்டுக்கு நஷ்டம்.

மிஷனும் பனையேறிகளும்

லண்டன் மிஷன் சங்கத்தின் சார்ல்ஸ் மீட் 1818-ல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 1828-ல் நெய்யூரைத் தன் பணிமையமாக ஆக்கிக்கொண்டார். 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே இங்கே மருத்துவப்பணியைத் தொடங்கினார். பின்னாளில் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட ஹோவர்ட் சாமர்வெல் அறுவைமருத்துவராகப் பணியாற்றியதால் நெய்யூர் மருத்துவமனை உலகப்புகழ் பெற்றது. இந்த மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் நாடார்கள், அவர்களில் பலர் பனையை நம்பி வாழ்ந்தவர்கள்.

மிஷனரிகள் எழுதிய நூல்கள் வழியாகவே பனையேறிகள் ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகமானார்கள். ராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி 1849-ல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சாதியைப் பற்றிய அதன் இழிவான சித்தரிப்புகள் பின்னர் நாடார்களிடம் கடும் எதிர்ப்பை உருவாக்கின. சாமுவேல் மேட்டீர் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’யிலும் பனையும் பனையேறிகளும் இடம்பெறுகின்றனர். இந்நூல்களின் தகவல் மதிப்பை மறுக்கமுடியாது. ஆனால் அவை எழுதப்பட்ட மொழியில் ஒரு சிக்கல் இருந்தது.

ஆங்கிலத்தில் பனஞ்சாற்றுக்கு இருந்த சொல் ‘டாடி’. இந்தியில் பனையைக் குறிக்கும் ‘தாட்’ என்ற சொல்லில் இருந்து பிறந்த ‘தாடி’யின் திரிபு அது. (அதே சொல் பின்னர் ஸ்காட்லாந்தில் வெந்நீரில் கலந்த விஸ்கிக்கும் பெயராயிற்று.) தமிழில் அக்கானி வேறு, கள் வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் டாடி. அக்கானியைச் சுட்டவேண்டுமென்றால் ‘இனிப்பு டாடி’ என்று அடைமொழி சேர்க்கவேண்டும். அலுவலக ஆவணங்களில் அடைமொழி எளிதில் உதிரும். அதன்பின் கருப்பட்டி காய்ச்சுபவரும் கள் விற்பவரும் ஒரே பெயரில் நிற்பார்கள்.

பிரிட்டிஷ் மாவட்ட ஆவணங்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் நாடார்களைக் ‘கள் இறக்குவோர்’ எனத் தொழில்வகைப்படுத்தியது இப்படித்தான். வாழ்நாளெல்லாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவியவருக்கும் அதே பட்டம். இது வெறும் சொற்பிழையாக முடியவில்லை. கோயில் நுழைவு முதல் பொதுக்கிணறு வரையிலான வழக்குகளில், கள்ளோடு தொடர்புடைய தொழில் என்பது ஒரு சாதியின் தாழ்வுக்கான காரணமாகக் காட்டப்பட்டது. 1910-ல் தொடங்கப்பட்ட நாடார் மகாஜன சங்கம் இந்த வகைப்பாட்டை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பித்தது. 1921 கணக்கெடுப்பை ஒட்டி சென்னை அரசு சாணார் என்ற பெயரை விட்டு நாடார் என்பதை ஏற்றது. நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தாலும், எல்லைக்கு இருபுறமும் உறவுகள் கொண்ட சமூகத்தில் இதன் விளைவு இங்கும் உணரப்பட்டது.

மிஷன்சபைகள் மதுவிலக்கை வலியுறுத்தியபோது அதற்கு இங்கே ஆயத்தமான நிலம் இருந்ததற்குக் கருப்பட்டித்தொழில் ஒரு காரணம் என்று கருதலாம். மிஷனரி எழுத்துகள் அதைப் பெரும்பாலும் மனமாற்றத்தின் கனியாகவே பார்த்தன. அமெரிக்காவில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்மருத்துவர் 1869-ல் திராட்சைச்சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் அடைத்து, திருவிருந்துக்குரிய ‘புளிக்காத ஒயின்’ என அறிமுகம் செய்தார். பாஸ்டரின் ஆய்வுகளைப் பின்தொடர்ந்த அந்த முயற்சி ஒரு பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சாற்றைப் புளிக்காமல் காக்கும் அறிவு பனைவிளைகளில் அதற்கு முன்னரே நாள்வேலையாக இருந்தது. அது எவர் பெயரிலும் இல்லை.

கேரளப்பகுதியில் இதே காலத்தில் வேறொரு திசையில் சிந்தனை சென்றது. ஈழவர்களுக்கு ஸ்ரீநாராயணகுரு மது செய்யவேண்டாம், கொடுக்கவேண்டாம், குடிக்கவேண்டாம் என அறிவுறுத்தினார். அங்கே தென்னங்கள் பரவலாக இருந்தது, கருப்பட்டி போன்ற மாற்றுச்சந்தை அந்த அளவுக்கு இல்லை. ஆகவே அச்செய்தி தொழிலையே விடும்படிச் சொல்வதாக ஆயிற்று. தமிழகத்தில் ஈ.வெ.ரா. காங்கிரஸில் இருந்தபோது கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பின் தென்னைகளை வெட்டினார். குமரி மேற்கின் பனையேறிக்கு மரத்தை வெட்டவோ தொழிலை விடவோ தேவை இருக்கவில்லை. சுண்ணாம்பு போதுமானதாக இருந்தது.

சட்டத்தின் சொல்

1886-ன் சென்னை ஆப்காரிச் சட்டம் டாடி என்பதை வரையறுத்தபோது, தென்னை, பனை, ஈச்சை முதலிய மரங்களின் புளித்த சாறும் புளிக்காத சாறும் அதில் அடங்கும் என்றது. கேரளத்தின் ஆப்காரிச் சட்டத்திலும் இதே வரையறை தொடர்கிறது. வரி வாங்கும் அரசின் நோக்கில் இதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கானி எந்த நேரமும் கள்ளாகலாம், ஆகவே மரத்திலேயே பிடிக்கவேண்டும். ஆனால் இவ்வரையறை அக்கானியை இயல்பில் கள்ளாகவும், சுண்ணாம்பின் தயவால் விலக்கு பெற்றதாகவும் ஆக்கிவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பு பனையேறியிடம் வந்தது. காலையில் மழை தூறி சுண்ணாம்பு கரைந்திருந்தால், சற்றுப் புளிப்பேறிய கலயம் அவருக்கு எதிரான சாட்சி.

1937-ல் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்து, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுக்க விரிந்தது. கல்குளம் உள்ளிட்ட தென்திருவிதாங்கூர் வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மதுவிலக்குக் காலத்தில் பனைவெல்லம் ஒரு கொள்கைப்பொருளாக ஆனது. காந்தி பனைவெல்லத்தை ஆதரித்து எழுதியிருந்தார். 1957-ல் அமைந்த கதர் கிராமத்தொழில் ஆணையம் பனைவெல்லத்தைத் தன் தொழில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. ஒரு கை ஆதரவு, மறு கை சந்தேகம் என்ற நிலை. கருப்பட்டிக்குக் கூட்டுறவு, கலயத்துக்குக் காவலர்.

தமிழகத்தில் 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது, 1981-ல் மறுபடியும் கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. தொழிற்சாலையில் வடிக்கப்படும் மதுவகைகள் விற்பனையில் இருக்க, 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கள் இன்றுவரை தடையில் உள்ளது. இந்த முரண்பாட்டைச் சுட்டி, தடையை நீக்கவேண்டும் என்று செ. நல்லசாமி தலைமையிலான தமிழ்நாடு கள் இயக்கம் நெடுங்காலமாகக் கோரிவருகிறது. கலப்படத்தைத் தடுக்க இயலாது என்பது எதிர்த்தரப்பின் முதன்மை வாதம். இரு தரப்பும் கள்ளைப் பற்றியே பேசுகின்றன. அக்கானி இறக்குபவரின் சிக்கல் இவ்விவாதத்தில் ஓரமாகவே இடம்பெறுகிறது.

இன்று

பனை 1978 முதல் தமிழகத்தின் மாநில மரம். 2021-ன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனைமரங்களை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. குமரியின் மேற்கில் நிலைமை அத்தனை நம்பிக்கையளிப்பதாக இல்லை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பனைவிளைகள் பலவும் ரப்பருக்கும் தென்னைக்கும் வீட்டுமனைக்கும் இடம்கொடுத்துவிட்டன. கல்வியும் வளைகுடா வேலையும் கிடைத்த தலைமுறை மரத்திலிருந்து இறங்கிவிட்டது. அதைக் குறையாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அறுபதடி உயரத்தில் காப்பீடின்றி ஒருநாளில் எண்பதுமுறை ஏறி இறங்கும் வேலை அது.

அக்கானி குறைந்ததும் கருப்பட்டியில் சீனி நுழைந்தது. கரும்புச்சீனியைக் கரைத்துக் கூப்பனியுடன் சேர்த்துக் காய்ச்சினால் கட்டி எளிதில் இறுகும், பளபளக்கும், சுண்ணாம்பு பிசகியதையும் மறைக்கும். பழக்கமுள்ளவர்கள் வாயிலிட்டுப் பார்த்தே வாங்குவார்கள். பனங்கருப்பட்டியின் இனிப்புக்கு அடியில் மெல்லிய கார்ப்பும், நாக்கின் ஓரத்தில் ஒரு சுண்ணாம்புச் சுவடும் இருக்கும்.

நெய்யூரிலிருந்து மேற்கே மார்த்தாண்டம், குழித்துறை வழியாகச் சென்றால் களியக்காவிளையில் மாநில எல்லை. அதற்கப்பால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. இப்பால் கோடையில் சாலையோரம் பனையோலைப் பட்டையில் அக்கானி கிடைக்கும், முற்பகலுக்குள் விற்றுத் தீரவேண்டும்.